நெட் போச்சா, வைஃபை போச்சா?

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான். வீட்டு கம்ப்யூட்டர்ல வைஃபை வருது, போகுது, திரும்ப வருது, முக்கியமான நேரம் பாத்து மறுபடி போகுது. மத்த கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு (பிரிண்டர் இங்க் பத்தி கேட்ட சேலம் வாசகர் மன்னிக்கணும், மூணாவது தடவயா தள்றேன்) இத மட்டும் எடுத்துக்கறேன்.

கே: ரௌட்டர் கீழ ஹால்ல இருக்கு, என் டெஸ்க்டாப் மாடி ரூம்ல. வீட்ல இருந்துதான் ஆபீஸ் வேல. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ கட் ஆகுது. கம்ப்ளெயின்ட் பண்ணா ஆள் வந்து ரௌட்டர மாத்திட்டு போறார், ரெண்டு தடவ மாத்தியாச்சு. ஆனா அதே மாடி ரூம்ல போன்ல நல்லா வருது. என்னதான் சார் பிரச்சன? — மதுரை வாசகர்

ப: உங்க கடைசி வரியிலயே பாதி பதில் இருக்கு சார். அதுக்கு அப்புறம் வர்றேன்.

நாம எல்லாரும் பொத்தாம்பொதுவா "நெட் இல்ல"ன்னு சொல்லிடறோம். உண்மையில உங்க கம்ப்யூட்டர்ல இருந்து வெளி உலகத்துக்கு ரெண்டு தனித்தனி வழி இருக்கு. கம்ப்யூட்டர்ல இருந்து ரௌட்டர் வரைக்கும் ஒண்ணு, அதுதான் வைஃபை. ரௌட்டர்ல இருந்து தெரு கம்பம், கம்பெனின்னு போறது இன்னொண்ணு, அதுதான் நெட். எது அறுந்தாலும் ஸ்கிரீன்ல தெரியறது ஒரே மாதிரிதான், வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். எந்தப் பக்கம் அறுந்துச்சுன்னு தெரியாம ரௌட்டர மாத்தறது, கால்ல முள்ளு குத்துனதுக்கு கண்ணாடிய மாத்தற கதைதான்.

கண்டுபிடிக்க காசு செலவில்ல. விண்டோஸ் சர்ச்ல சிஎம்டின்னு மூணு எழுத்து அடிச்சா ஒரு கருப்பு ஜன்னல் வரும், அதுல ஐபிகான்ஃபிக்-னு (ipconfig) இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டுங்க. டீஃபால்ட் கேட்வேன்னு ஒரு வரி இருக்கும், அதுக்கு எதிர்ல இருக்கற நம்பர்தான் உங்க ரௌட்டரோட வீட்டு விலாசம், பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1. இப்ப அதே ஜன்னல்ல பிங் (ping), ஒரு ஸ்பேஸ், அந்த நம்பர், ஒரு ஸ்பேஸ், மைனஸ் குறி, ஒட்டி சின்ன டி எழுத்து, என்டர். வரி வரியா ஓட ஆரம்பிக்கும், நிறுத்தற வரைக்கும் ஓடும். இன்னொரு கருப்பு ஜன்னல் தொறந்து அதுல ரௌட்டர் நம்பருக்கு பதிலா 8.8.8.8 போடுங்க, அது கூகுளோட டிஎன்எஸ் சர்வர் (சைட் பேர நம்பர் விலாசமா மாத்தி குடுக்கற கம்ப்யூட்டர்), வெளி உலகத்துக்கு ஒரு அடையாளக் கல்லு மாதிரி. ரெண்டு ஜன்னலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு உங்க வேலய பாருங்க. அடுத்து கட் ஆகும்போது ரெண்டையும் ஒரு பார்வ பாருங்க.

ரௌட்டர் ஜன்னல்ல ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட், அஞ்சு மில்லிசெகண்ட்னு அமைதியா ஓடிக்கிட்டிருந்து 8.8.8.8 ஜன்னல்ல மட்டும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்"னு வந்தா தப்பு வெளியில, தாராளமா கம்பெனிக்கு போன் போட்டு சண்ட போடலாம், ஃபைபரா இருந்தா அந்த பெட்டியில எல்ஓஎஸ்-னு இருக்கற லைட் செவப்பா எரியுதான்னும் பாத்து சொல்லுங்க, செவப்புன்னா ஒளியே வந்து சேரலன்னு அர்த்தம். ரௌட்டர் ஜன்னல்லயே டைம் அவுட் வந்தா, இல்ல ரெண்டு மில்லிசெகண்ட்ல இருந்து திடீர்னு 400, 900-னு எகிறுனா, தப்பு உங்க வீட்டுக்குள்ள. அப்ப யார் வந்து எந்த வயர மாத்துனாலும் ஒண்ணும் ஆகாது. எப்பவாவது ஒரு வரி தவறுறது சகஜம், அதுக்கு பயப்படாதீங்க. ரெண்டு ஜன்னலும் ஒழுங்கா ஓடுது ஆனா சைட் மட்டும் தொறக்கலன்னா டிஎன்எஸ் மேல சந்தேகப்படணும், வைஃபை செட்டிங்ஸ்ல டிஎன்எஸ்-அ கையால 8.8.8.8 இல்ல 1.1.1.1-ன்னு மாத்தி பாருங்க.

இப்ப உங்க விஷயம். அதே ரூம்ல போன் நல்லா எடுக்குது, டெஸ்க்டாப் எடுக்கலன்னா சிக்னல் மாடி வரைக்கும் வருது, உங்க டெஸ்க்டாப்புக்குத்தான் காது சரியா கேக்கல. எங்க சித்தப்பா வீட்டு கத சொல்றேன். கடையில அசெம்பிள் பண்ணி வாங்குன சிபியு, வைஃபை மதர்போர்டுலயே இருக்கு. ஆறு மாசமா வைஃபை நொண்டுது. நான் போயி மேசைய இழுத்து பின்னாடி பாத்தா, தங்க கலர்ல ரெண்டு சின்ன மறை துருத்திக்கிட்டு நிக்குது, மேல ஒண்ணுமே இல்ல. "சித்தப்பா, போர்டு வந்த அட்டப்பெட்டி இருக்கா?" பரண்ல இருந்து எடுத்தாங்க, உள்ள பாலிதீன் கவர் கூட பிரிக்காம ரெண்டு ஆன்டெனா. திருகி மாட்டுன உடனே ரெண்டு கோடு இருந்த சிக்னல் ஃபுல். சித்தப்பா முகத்த பாக்கணுமே! அதுக்குள்ள அவரு ரௌட்டர கழுவி கழுவி ஊத்தி, ரெண்டாயிரம் ரூபாய்க்கு புதுசு வேற வாங்கியாச்சு.

அதனால மொதல்ல சிபியு பின்னாடி பாருங்க. ஆன்டெனா இருக்கா, விரல் இறுக்கத்துல திருகி இருக்கா? யுஎஸ்பி டாங்கிளா (யுஎஸ்பி ஓட்டையில சொருகற குட்டி வைஃபை கருவி) இருந்தா அது பின்பக்க போர்ட்ல, இரும்பு பெட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல மூச்சு முட்டிக்கிட்டு கெடக்கா? சிபியு பெட்டி முழுக்க இரும்புத் தகடு, அது ரேடியோ அலைக்கு ஒரு செவுரு மாதிரி. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிள மேச மேல கொண்டாந்து வைங்க, இந்த ஒரு வேலைக்கே நெறைய வீட்ல பிரச்சன தீந்துடுது. அப்புறமும் ஆடுனா ரௌட்டர் இருக்கற எடத்த பாருங்க. நம்ம வீடுகள்ல ரௌட்டருக்கு கெடைக்கற எடம் என்ன? டிவிக்கு பின்னாடி, செருப்பு ஸ்டாண்டு மேல, பீரோ மேல, இல்லன்னா சாமி ரூம் பக்கத்துல கரண்டு போர்டு இருக்கற மூலையில. பீரோவும் இரும்பு, டிவி பின்பக்கமும் தகடு, நெலக்கண்ணாடிக்கு பின்னாடி ரசம் பூசுனது, மீன் தொட்டின்னா தண்ணியே அலைய குடிச்சிடும். நாலடி தள்ளி, தோள் உயரத்துல, தெறந்த எடத்துல வச்சாலே வித்தியாசம் தெரியும்.

கே: மைக்ரோவேவ் ஓவன் ஓடும்போது மட்டும் லேப்டாப்ல வீடியோ நின்னுடுது. மாமியார் நான் கத விடறேன்னு சொல்றாங்க. — கோயம்புத்தூர் வாசகி

ப: கதயே இல்லங்க, நூத்துக்கு நூறு நெசம், மாமியார்ட்ட இந்த பக்கத்த காட்டுங்க. ஓவன் வேல செய்யறது 2.45 கிகாஹெர்ட்ஸ்ல, பழைய வைஃபை ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில, ரெண்டும் ஒரே தெரு. ஓவன்ல இருந்து கசியறது ரொம்ப ரொம்ப கொஞ்சம், ஒடம்புக்கு பயமில்ல, ஆனா வைஃபை சிக்னல் அத விட மெலிசு, பக்கத்துல தவில் அடிக்கும்போது காதுல ரகசியம் பேசற மாதிரி ஆகிடும். ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ்னு ஒரு பெரிய ரேடியோ டெலஸ்கோப் இருக்கு. அங்க 1998-ல இருந்து ஒரு விசித்திரமான சிக்னல் அப்பப்ப பதிவாகி விஞ்ஞானிங்கள மண்டைய பிச்சுக்க வச்சுச்சு, கடைசியில 2015-ல கண்டுபிடிச்சாங்க, அங்கயே இருக்கற மைக்ரோவேவ் ஓவன யாரோ டைமர் முடியறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு கதவ தொறக்கறதுதான் காரணம்னு! டெலஸ்கோப்புக்கே அந்த கதின்னா உங்க லேப்டாப் எம்மாத்திரம்.

தீர்வு சுலபம். ரௌட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா லேப்டாப்ப அதுல சேத்துடுங்க, ஓவன் அந்த தெருப்பக்கமே வராது. நெறைய ரௌட்டர்ல ரெண்டு பட்டைக்கும் ஒரே பேரு வச்சிருப்பாங்க, லேப்டாப் தானா எதையாவது புடிச்சுக்கும், பெரும்பாலும் தப்பானத. ரௌட்டர் செட்டிங்ஸ்ல போயி ரெண்டுக்கும் தனித்தனி பேரு வச்சுட்டா நாமளே எது வேணும்னு எடுத்துக்கலாம். ஒரே ஒரு விஷயம், 5 கிகாவுக்கு வேகம் ஜாஸ்தி ஆனா செவுத்த தாண்ட தெம்பு கம்மி. கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு செவுரு பரவால்ல, ரெண்டு மூணு ஒம்பது இஞ்சு செவுருன்னா திணறும்.

கே: எங்க அப்பார்ட்மென்ட்ல சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் பிரச்சன. காலைல பறக்குது. இன்னொண்ணு, 5 கிகா பேரு சில நாள் லிஸ்ட்லயே காணோம், கொஞ்ச நேரம் கழிச்சு வருது. — சென்னை, வேளச்சேரி வாசகர்

ப: ரெண்டு கேள்விய ஒண்ணா கேட்டுட்டீங்க. மொதல்ல சாயங்கால விஷயம். போன்ல வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டு பாருங்க, உங்க ஃப்ளாட்ல நின்னா எத்தன ரௌட்டர் தெரியுதுன்னு. இருபது முப்பது தெரிஞ்சா ஆச்சரியப்படாதீங்க. 2.4 பட்டையில நம்ம ஊர்ல 1-ல இருந்து 13 வரைக்கும் சேனல் இருக்கு, ஆனா ஒவ்வொரு சேனலுக்கும் நடுவுல 5 மெகாஹெர்ட்ஸ்தான் எடவெளி, ஒரு வைஃபைக்கு வேண்டியதோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதனால ஒண்ணுமேல ஒண்ணு படாம பக்கத்துல பக்கத்துல வைக்க வழக்கமா எடுத்துக்கறது 1, 6, 11 மூணுதான். முப்பது பேரும் மூணு தண்டவாளத்துல! ஏழு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்து டிவிய போட்டா நெரிசல் இல்லாம என்ன ஆகும். ஆப்ல மூணுல எது காலியா இருக்குன்னு பாத்து அத ரௌட்டர்ல கையால போடுங்க. சில பேர் புத்திசாலித்தனமா 3, 4-னு நடுவுல போடுவாங்க, அது ரெண்டு பக்கத்து ஆளுங்க கிட்டயும் அடி வாங்கற எடம், வேணாம். சேனல் அகலம் 40-ன்னு இருந்தா 20-ஆ கொறைங்க, நெரிசல்ல அகல வண்டி ஓட்டறதுல லாபமில்ல.

ஆனா ஒரு விஷயம், மொத கேள்வியில சொன்ன ரெண்டு ஜன்னல் டெஸ்ட்ட சாயங்காலம் ஏழரைக்கு ஒரு தடவ ஓட்டிடுங்க. ரௌட்டர் ஜன்னல் அமைதியா இருந்து வெளி ஜன்னல் மட்டும் ஆடுனா நெரிசல் உங்க பில்டிங் காத்துல இல்ல, கம்பெனி லைன்ல. அதுக்கு சேனல் மாத்தி புண்ணியமில்ல.

5 கிகா காணாம போறதுக்கு காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. அந்த பட்டையில 52-ல இருந்து 64 வரைக்கும், 100-ல இருந்து 144 வரைக்கும் இருக்கற சேனலெல்லாம் ரேடார்களும் பயன்படுத்தற எடம், வைஃபை அங்க ஒட்டுக்குடித்தனம்தான். ரேடார் மாதிரி ஏதாவது காதுல விழுந்தா ரௌட்டர் ஒடனே எடத்த காலி பண்ணணும், அந்த மாதிரி இன்னொரு சேனலுக்கு போறதா இருந்தா கொறஞ்சது ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு ரேடார் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் பேச ஆரம்பிக்கணும். அந்த நேரத்துலதான் பேரு லிஸ்ட்ல மறையுது. ரௌட்டர்ல சேனல ஆட்டோமேடிக்ல விடாம 36, 40, 44, 48 இல்லன்னா 149-ல இருந்து 161 வரைக்கும் ஏதாவது ஒண்ண போடுங்க, இந்த தொல்ல வராது.

கே: லேப்டாப் மூடி திரும்ப தொறந்தா வைஃபை வரவே வராது, ரீஸ்டார்ட் பண்ணாத்தான் வருது. — திருச்சி காலேஜ் பொண்ணு

ப: கரண்ட் மிச்சம் புடிக்கறேன்னு விண்டோஸ் வைஃபை கார்ட தூங்க வச்சுடுதும்மா, திரும்ப எழுப்ப மறந்துடுது. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர், அதுல நெட்வொர்க் அடாப்டர்ஸ், உன் வைஃபை கார்டு பேர்ல டபுள் கிளிக், பவர் மேனேஜ்மென்ட் டேப்ல மேல இருக்கற மொத டிக்க எடுத்துடு. சில புது லேப்டாப்ல அந்த டேப்பே இருக்காது, அப்ப லேப்டாப் கம்பெனி சைட்டுக்கு போயி உன் மாடல் நம்பர போட்டு வைஃபை டிரைவர் (கார்ட இயக்கற சாஃப்ட்வேர்) எறக்கி போடு. கண்ட சைட்ல இருந்து "டிரைவர் அப்டேட்டர்"னு வர்றத மட்டும் தொடாத, சொல்லிட்டேன். சமீபத்துல ஏதாவது அப்டேட் ஆன பிறகுதான் இது ஆரம்பிச்சுச்சுன்னா அதே எடத்துல டிரைவர் டேப்ல ரோல் பேக் பட்டன் இருக்கும், அமுக்கற மாதிரி இருந்தா அமுக்கி பழசுக்கு போயிடு. எதுவுமே வேலைக்கு ஆகலன்னா கடைசியா நெட்வொர்க் ரீசெட், ஆனா வைஃபை பாஸ்வேர்ட எல்லாம் மறந்துடும், எழுதி வச்சுக்கிட்டு பண்ணு.

கே: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் சொருகுனா வைஃபை செத்துடுது. தற்செயலா? — நாகர்கோவில் வாசகர்

ப: தற்செயல் இல்ல. யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகா பக்கம் இரைச்சல் கெளப்பும்னு இன்டெல் கம்பெனியே 2012-ல அறிக்க போட்டிருக்கு. ஹார்ட் டிஸ்க் வயரும் வைஃபை டாங்கிளும் அக்கம்பக்கத்து போர்ட்ல இருந்தா நிச்சயம் அடிபடும். ஒண்ண இந்தப் பக்கம், இன்னொண்ண அந்தப் பக்கம் மாத்துங்க, இல்ல 5 கிகாவுக்கு போயிடுங்க. வயர்லெஸ் மவுஸ் அப்பப்ப தாவுதா? அதுவும் பெரும்பாலும் 2.4-தான், அதே வியாதி.

கே: ஐயா, என்னோடது பழைய டெஸ்க்டாப், வைஃபை ஃபுல்லா காட்டுது. ஆனா எந்த சைட் தொறந்தாலும் "உங்க இணைப்பு பாதுகாப்பானது இல்ல"ன்னு வருது. பேங்க் சைட்டும் அப்படித்தான். ஹேக் பண்ணிட்டாங்களோ? — கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

ப: பதறாதீங்க ஐயா. கீழ வலது மூலையில தேதிய பாருங்க. பல வருஷம் பின்னாடி இருக்கா? பழைய டெஸ்க்டாப்னு எழுதிருக்கீங்க, மதர்போர்டுல எட்டணா சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032-ன்னு பேரு. கரண்ட் இல்லாதப்பவும் கடிகாரத்த ஓட்டறது அதுதான். அது தீந்துட்டா ஒவ்வொரு தடவ பிளக்க புடுங்கும்போதும் தேதி பழைய காலத்துக்கு ஓடிடும். ஒவ்வொரு சைட்டுக்கும் இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும் செல்லும்னு ஒரு சான்றிதழ் உண்டு. உங்க கம்ப்யூட்டர் இன்னும் பல வருஷம் முன்னாடியே வாழ்ந்துகிட்டு இருந்தா அதுக்கு அந்த சான்றிதழ் செல்லாத காசு. தேதிய சரி பண்ணிட்டு வாட்ச் கடையில பேட்டரி வாங்கி மாட்டுங்க. தேதி சரியா இருந்தும் அந்த எச்சரிக்க வந்தா மட்டும் பேங்க் சைட்ட தொடாதீங்க, எனக்கு திரும்ப எழுதுங்க.

கே: ராத்திரி ஏசி போட்டா ரௌட்டர் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. — விருதுநகர் வாசகர்

ப: ஏசி கம்ப்ரசர் கெளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் எறங்கும், நல்ல அடாப்டர் அத தாங்கிடும், வயசான அடாப்டர் தாங்காது. ரௌட்டர் அடியில எத்தன வோல்ட், எத்தன ஆம்பியர்னு ஒட்டியிருக்கும், அதே அளவுல (ஆம்பியர் கொஞ்சம் கூட இருந்தா தப்பில்ல, வோல்ட் மாறவே கூடாது) புது அடாப்டர் மாட்டுங்க. ரௌட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் விக்குது, அது இருந்தா வோல்டேஜ் எறங்கறப்பவும் கரண்ட் கட்லயும் தாக்குப் புடிக்கும்.

கே: 300 எம்பிபிஎஸ் பிளான் போட்ருக்கேன், கம்ப்யூட்டர்ல 40-ஐ தாண்டல. ரிப்பீட்டர் வாங்கலாமா? — ஈரோடு வாசகர்

ப: அவசரப்படாதீங்க. விண்டோஸ் 11-னா செட்டிங்ஸ்ல வைஃபை பிராப்பர்ட்டிஸ் போயி நெட்வொர்க் பேண்ட், லிங்க் ஸ்பீட் ரெண்டையும் பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்னும் 72 எம்பிபிஎஸ்னும் போட்டிருந்தா உங்க வைஃபை கார்டு ஒத்த ஆன்டெனா, பழைய தலமுறை, நடைமுறையில அதுல பாதிதான் கைக்கு வரும், அதுதான் உங்க 40. கார்டுல 5 கிகாவே இல்லன்னா ரௌட்டர் பக்கத்துல உக்காந்தாலும் அவ்ளோதான். ஆயிரம் ரூபா ரேஞ்சுல ரெண்டு பட்டை புடிக்கற யுஎஸ்பி டாங்கிள் ஒண்ணு போதும்.

ரிப்பீட்டர், அதாவது வைஃபை சிக்னல வாங்கி திருப்பி அனுப்பற பெட்டி, எனக்கு அவ்வளவா புடிக்காது, வெளிப்படையாவே சொல்லிடறேன். சாதா ரிப்பீட்டர் ஒரே ரேடியோவுல கேட்டு அதே ரேடியோவுல திருப்பி சொல்லணும், அதனால வேகம் ஏறக்கொறைய பாதி போயிடும், அதுவும் சிக்னல் செத்த எடத்துல அத சொருகுனா செத்ததத்தான் திருப்பி சொல்லும். டெஸ்க்டாப் எங்கயும் நகரப் போறதில்லயே? கேட் 6-னு சொல்ற நெட்வொர்க் வயர் இருபது மீட்டர் வாங்கி, ஜன்னல் ஓரமா, கேபிள் டிவி வயர் போன அதே ஓட்ட வழியா இழுத்து ரௌட்டர்ல ஒரு முனை, சிபியுல ஒரு முனை. நூறு மீட்டர் வரைக்கும் ஒரு கிகாபிட் அலுங்காம போகும். எங்க வீட்லயும் அப்படித்தான், வயர் கதவுல நசுங்காம மட்டும் பாத்துக்கங்க, என்னோடது ஒரு தடவ நசுங்கி 1000 எம்பிபிஎஸ் காட்ட வேண்டியது 100 காட்டிக்கிட்டு நின்னுச்சு, கண்டுபிடிக்க எனக்கே ரெண்டு வாரம் ஆச்சு.